சுற்றுக்குப் போன நோட்டு

எங்கள் வட்டார டாக்டர்கள் சங்கக் கிளைக்கு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. போயிருந்தால் மறுத்திருப்பேன். வராதவன் தலையில் கட்டிவிடுவதுதான் எங்கள் சங்கத்தில் வழக்கம். எழுபதுகளின் தொடக்கம் அது. வில்லியனூரில் தனியாகக் கிளினிக் போட்டு நாலு வருடம் ஆகியிருந்தது.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பதவியை நானே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் காரணம் ஒரு குழந்தை. தொண்டை அடைப்பானோடு கொண்டுவந்தார்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தும் என் மேசையிலேயே போய்விட்டது. வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்னொரு டாக்டரிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. பட்டணத்துப் பெரிய டாக்டர்களிடம் கேட்கக் கூச்சம். நாளெல்லாம் ஜனக்கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. சங்கம் நடந்தால் அப்படி ஒருவராவது கிடைப்பார் என்று நம்பினேன்.

என்னோடு சேர்த்து உறுப்பினர்கள் ஒன்பது பேர். போன் வைத்திருந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். ஆகவே கூட்ட அறிவிப்பை ஒரு நீள நோட்டில் எழுதுவேன். என் கம்பவுண்டர் அதைச் சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக எட்டு இடங்களுக்கும் கொண்டுபோவார். படித்தவர் ‘வ்யூ’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்து ஆபீஸ் பழக்கம் அது, பார்த்தாயிற்று என்று அர்த்தம். நோட்டு திரும்பி வந்ததும் கையெழுத்துகளை எண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் எட்டு இருக்கும். கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம்.

கையெழுத்துக்குக் கீழே சிலர் சாக்கு எழுதுவார்கள். மைத்துனி கல்யாணம், வயிற்றுக் கோளாறு, அறுவடை. நாலைந்து மாதத்தில் அவற்றைப் படிப்பதை விட்டுவிட்டேன். படித்தால் வலித்தது. எண்ணிவிட்டு நோட்டை இழுப்பறையில் போட்டுவிடுவேன்.

கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த செட்டியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவர் மாடியறையைக் கூட்டத்துக்கு வாங்கியிருந்தேன். டாக்டர்கள் வந்துபோனால் கடைக்கும் நல்லதுதானே என்று சொல்லிப் பார்த்ததில் மனிதர் மசிந்தார், போண்டாவும் அவர் செலவு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது நாற்காலிகளுக்கு நடுவில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், பொண்ணு வூட்டுக்காரங்க இன்னும் வரலியா?” என்றார்.

நானும் சிரித்தேன். அவர் இறங்கிப்போன பிறகு நாற்காலிகளை நானே சுவரோரம் அடுக்கினேன். போண்டா அப்படியே ஆறிக் கிடந்தது.

அதற்கடுத்த வாரம் தலைமையிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆண்டுக் கூட்டத்துக்கு ஐந்து பேராவது வராவிட்டால் கிளையை மூடி எங்களைப் பட்டணத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம். பட்டணத்துக் கூட்டத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து நான் யாரிடம் என்ன கேட்பது? நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன்.

முதலில் பாகூர். எங்களில் மூத்தவர் அங்கே இருந்தார். ஒரு வருடக் கையெழுத்துகளை அவர் முன்னால் விரித்துவைத்து, “எல்லாத்தையும் பாத்திருக்கீங்க, ஒரு தடவைகூட வரலியே” என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இது என் கையெழுத்தே இல்லப்பா. இந்த நோட்டையே இப்பதான் பாக்கறேன்.”

அவருடைய கம்பவுண்டர் கதவோரம் நெளிந்தார். “ஞாயித்துக்கெழம நீங்க கூட்டத்துக்குப் பூட்டா, வர்ற பேஷண்டெல்லாம் எதுத்த கிளினிக்குக்குப் பூடும் சார். அதான் நானே போட்டு அனுப்பிட்டேன்” என்றார்.

மூத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். வருவதாகவும் சொன்னார். மற்ற இடங்களுக்கும் போனேன். இன்னும் இரண்டு கையெழுத்துகள் கம்பவுண்டர்கள் போட்டவை.

செல்லிப்பட்டு கிராமத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அங்கே அரசு சுகாதார நிலையத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஒரே சீரான, அழகான கையெழுத்து, அவருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் அவசரமில்லை என்று விட்டிருந்தேன்.

போனபோது நர்ஸ் மட்டும் இருந்தார். “டாக்டரம்மா வேலைய வுட்டுட்டுப் போயிட்டாங்களே சார். நீங்கதான் நோட்டுக்கார டாக்டரா? வியாழக்கெழம ஆனா நீங்க வந்தீங்களான்னுதான் கேப்பாங்க” என்றார்.

ஏன் வியாழக்கிழமை என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் நின்றபோது நோட்டைத் திறந்தேன். ஏழெட்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில், அவர் கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது:

“ஞாயிறு டூட்டி, வர இயலாது. பிரசவத்துக்குப் பின் ஜன்னி கண்ட ஒரு பெண்ணை இழந்துவிட்டேன். நான் செய்தது சரிதானா என்று யாரிடமாவது கேட்க வேண்டும். வியாழன் மதியம் ஓய்வாக இருப்பேன்.”

அடுத்த சுற்றில், “இந்த வியாழனும் இருப்பேன்.” அதற்கடுத்ததில் வெறும் வ்யூ.

என் கேள்வியையே இன்னொருவர் எழுதி என் கைக்கே அனுப்பியிருக்கிறார். நான் அதை எண்ணி உள்ளே போட்டிருக்கிறேன். அந்த மரத்தடியில் எனக்கு என்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நர்ஸிடம் திரும்பிப் போய் ஊர் விலாசம் வாங்கிக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். கிளை பிழைத்தது. நோட்டைச் சுற்றுக்கு அனுப்புவதை நிறுத்தினேன். வியாழன் மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு ஆளுக்கு ஒரு வாரமாக நானே எல்லாரையும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் வியாழன் செல்லிப்பட்டுக்குத்தான் போனேன். புதிதாக வந்திருந்த இளம் டாக்டரிடம் சங்கச் செயலாளர் என்று சொல்லி, “சும்மா பேசிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றேன். அவர் மரியாதையாக எழுந்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“எங்க சார் கையெழுத்துப் போடணும்?”