பக்கத்து வீட்டு நகவெட்டி

எங்கள் வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லக் காரணம் கிடைக்காமல் போனதே கிடையாது. குழாயில் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம். கேஸ் தீர்ந்த அன்றே அடுத்த சிலிண்டர் வந்துவிட்டால் ஸ்தோத்திரம். தம்பி கீழே விழுந்து, பல் உடையாமல் உதடு மட்டும் கிழிந்தால் அதற்கும் ஆண்டவருக்கு நன்றி உண்டு. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் நாங்கள் நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாவது சொல்லியாக வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். எனக்கு ஒன்றும் தோன்றாத நாட்களில் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மோப்பம் பிடித்து அதற்கு நன்றி சொல்லிவிடுவேன். அப்பா எப்போதும் ஒன்றையேதான் சொல்வார்: "வேலைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே." சொல்லி முடித்ததும் அவர் கண் சோற்றுப் பானைக்குப் போய்விடும்.

அந்த அப்பா நான் மூன்றாவது படித்த வருஷம் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது நாங்கள் ஓசூரில், கம்பெனிகள் இருக்கும் பக்கம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்தது பெயருக்குத்தான் சுவர். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே தும்முவோம். அந்த வீட்டுக்காரரைக் கல்லாவி மாமா என்று கூப்பிடுவோம். சொந்த ஊர் கல்லாவி, அவ்வளவுதான், எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை. அப்பாவும் அவரும் ஒரே கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கிற பிரஸ் மிஷினில் வேலை பார்த்தார்கள். அவர் ஊரில் மாரியம்மன் பண்டிகை என்றால் அப்பா அவருடைய ஷிப்டில் நிற்பார். கிறிஸ்துமஸ் வந்தால் அவர் அப்பாவுக்காக நிற்பார். சாமிகள் வேறு வேறு தேதியில் பண்டிகை வைத்துக்கொண்டது இருவருக்கும் வசதியாக இருந்தது.

எங்கள் சபையின் சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவில் நான் ஒரு நீளமான சங்கீதத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் உன்னை ஒன்றும் அணுகாது என்று தைரியம் சொல்கிற சங்கீதம் அது. அப்பாவுக்கு அன்று ஷிப்ட். கல்லாவி மாமாவிடம் கேட்டதும், "பாப்பா பேசறத போய் பாருணா, நான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நான் தங்கு தடையில்லாமல் ஒப்பித்து ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினேன். ஏறக்குறைய அதே நேரத்தில் அங்கே அப்பாவின் மிஷின் கல்லாவி மாமாவின் வலது கை மேல் இறங்கியது. கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் போய்விட்டன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர் இதையே பிரசங்கமாகச் செய்தார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இங்கே குழந்தை வசனம் சொல்லிக்கொண்டிருக்க, அங்கே கர்த்தர் தகப்பனைக் காத்தார் என்றதும் சபையே கை தட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வசனத்தால்தான் அப்பா பிழைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஆராதனை முடிந்து எல்லோரும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் குலுக்கிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.

அதற்குப் பிறகு குடும்ப ஜெபத்தில் அப்பாவின் முறை வந்தால் அமைதிதான். அம்மா காத்திருப்பாள். தம்பி கொட்டாவி விடுவான். கடைசியில் அம்மாவே "ஆமென்" சொல்லிச் சோற்றைப் போடுவாள். அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் வேலைக்குப் போனவர் பாதியிலேயே திரும்பி வந்தார். மிஷின் முன்னால் நின்றதும் கை நடுங்கி, தகட்டைப் பிடிக்கவே முடியவில்லையாம். மனசு சரியானதும் வா என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். சரியாகவில்லை என்றால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.

கல்லாவி மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அம்மாவின் பயத்தை இன்னும் அதிகமாக்கியது. லைன் முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அம்மா ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு போனாள். அப்பா மட்டும் போகவில்லை. வெளியே போக வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திருடன் போலப் போவார். சுவருக்கு அந்தப் பக்கம் கல்லாவி மாமா வலியில் முனகும்போது இந்தப் பக்கம் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எனக்கு அப்பாவிடம் போகவே பயமாக இருந்தது.

"இந்த மனுசன் இப்பிடியே ஆயிட்டா ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?" என்று அம்மா போதகரின் மனைவியிடம் அழுதாள். போதகரின் மனைவி, வீட்டில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வையுங்கள், ஆண்டவர் காத்ததை அவர் வாயால் சாட்சி சொல்லட்டும், நன்றி சொல்லச் சொல்லத்தான் உள்ளே இருக்கிற காயம் ஆறும் என்று வழி சொன்னார்கள். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலத்துக்குக் கூட்டம் முடிவானது. லைனில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வரும் வேலை எனக்கு. "கல்லாவி மாமாவுக்கு மட்டும் நானே சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா. அவள் சொல்லவில்லை. கேசரி கிண்டும்போதுகூடக் கரண்டிச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடாமல் மெதுவாகக் கிண்டினாள்.

போதகர் நாற்காலியிலும் மற்றவர்கள் பாயிலுமாக வீடு நிறைந்துவிட்டது. கடைசி வீட்டுக் கன்னட அக்காவுக்குப் பாட்டு ஒன்றும் புரியாது. ஆனாலும் எல்லோரையும்விட அவர்தான் பலமாகக் கை தட்டினார். அப்பா சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பாய் காலியாகவே கிடந்தது. இரண்டாவது பாட்டு முடிந்தபோது பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தாள். செருப்பை உதறும் சத்தம். வாசலில் கல்லாவி மாமா நின்றார், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

"வரலாமாணா?"

போதகர் அவரை முன்பின் பார்த்ததில்லை. "வாங்க பிரதர், வாங்க" என்று முகம் மலர்ந்து கூப்பிட்டார். கல்லாவி மாமா நேராகப் போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். போதகர் என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு சொன்ன வசனத்த பாப்பா இப்ப ஒரு தடவ சொல்லட்டும். அப்புறம் பிரதர் சாட்சி சொல்லுவாரு" என்றார்.

நான் எழுந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா தலையை ஆட்டி ஆட்டி என்னவோ சைகை செய்தாள். அவசரப்படாமல் சொல் என்கிறாள் என்று நினைத்து ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவர்கள் விழுகிற இடம் வந்தது.

"போதும் பாப்பா. உக்காரு" என்றார் அப்பா.

பல நாளைக்குப் பிறகு அவர் குரலைக் கேட்டேன். அது அவர் குரல் மாதிரியே இல்லை. அவர் எழுந்து நின்றார்.

"சாட்சி சொல்ல சொல்றீங்க பாஸ்டர். அன்னிக்கு நான் நிக்க வேண்டிய மிஷின்ல நின்னது இவன்தான். ஆண்டவர் என்னய காப்பாத்துனாருன்னு நான் ஸ்தோத்திரம் சொன்னா, இவன் கை போனதுக்கு ஸ்தோத்திரம் சொன்ன மாதிரி ஆயிடும். என்னால முடியல."

போதகரின் முகம் வெளுத்துவிட்டது. கல்லாவி மாமா அண்ணாந்து அப்பாவைப் பார்த்தார். அவருடைய தாடை இறுகியிருந்தது. அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"ஏன்ணா என்ன பாக்க வரல?"

அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வரல, சரி. வீட்டுக்கு வந்து எத்தன நாளாச்சு? ஒரே செவுரு. நீ இருமறது எனக்கு கேக்குது. நான் கத்தறது உனக்கு கேக்கலியா?"

"கேக்குது. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?"

"இருக்கற மூஞ்சிய வச்சிக்கிட்டுதான் வரணும். கோவம் இருக்குதுணா. மிஷின் மேல இருக்குது, கம்பெனி மேல இருக்குது, உன் மேலயும் இருக்குது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ மொதல்ல உக்காரு."

அப்பா உட்கார்ந்தார். கல்லாவி மாமா இடது கையால் சட்டைப் பையைத் துழாவி ஒரு நகவெட்டியை எடுத்துப் பாயில் வைத்தார். பிறகு அதே கையை அப்பாவின் முன்னால் நீட்டினார். ஐந்து விரலிலும் நகம் நீளமாக வளர்ந்து அழுக்கடைந்திருந்தது.

"இந்தக் கை நகத்த அந்தக் கையாலதான் வெட்டணும். அது இல்ல. பொண்டாட்டிகிட்ட நீட்டுனா அழுவறா. நீ வெட்டி உடு."

விளக்கு வைத்த நேரத்தில், அதுவும் வீட்டுக்குள் நகம் வெட்டுவதா என்று கன்னட அக்கா முணுமுணுத்தார். கல்லாவி மாமாவும் இதெல்லாம் பார்க்கிறவர்தான், வெள்ளிக்கிழமையில் நகவெட்டியைத் தொடவே மாட்டார்; அன்று பார்க்கவில்லை. அப்பா அந்தக் கையைப் பிடித்தார். அவர் கை நடுங்கிய நடுக்கத்தில் நகவெட்டி கிடுகிடுவென்று ஆடியது. அம்மா வந்து கீழே ஒரு பேப்பரை விரித்து, கல்லாவி மாமாவுக்கு ஒரு டம்ளர் டீயும் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் நகம் விழுந்தது. கட்டை விரலுக்கு வந்தபோது அப்பாவின் கை நடுக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. போதகர் எப்போது நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

வெட்டி முடித்தும் அப்பா கையை விடவில்லை. அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்லாவி மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"உடுணா. டீ ஆறுது" என்றார்.

சாட்சி சொல்லாமலேயே கூட்டம் முடிந்தது. கேசரி தீர்ந்தது. கல்லாவி மாமா நகவெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். எல்லோரும் போன பிறகு அம்மா அதே பாயில் எங்களைக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார வைத்தாள். அப்பாவின் முறை வந்தது. அம்மா வழக்கம்போல "ஆமென்" சொல்ல வாயெடுத்தாள்.

"அவன் எடது கைக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார் அப்பா.

எனக்கு இது சரியாகப் படவில்லை. ஸ்தோத்திரம் என்பது நம் வீட்டுக்குக் கிடைத்ததற்குச் சொல்வது. அடுத்த வீட்டுக்காரரின் கைக்கு அவர் வீட்டிலல்லவா சொல்ல வேண்டும்? ஆனால் அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருந்ததால் அதை முதலில் கேட்டேன்.

"வசனத்துல நான் எங்கப்பா தப்பு பண்ணேன்?"

"தப்பே இல்ல பாப்பா."

"அப்புறம் ஏன் நிறுத்த சொன்ன?"

அப்பா என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நகம் வளந்திருக்குதே" என்றார். "இரு, பக்கத்து வீட்ல நகவெட்டி இருக்குது, வாங்கிட்டு வரேன்." எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் கதவைத் தட்டுவதும், தாழ்ப்பாள் விலகுவதும், "உள்ள வாண்ணா" என்று கல்லாவி மாமா கூப்பிடுவதும் சுவர் வழியாகக் கேட்டன.

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் நகம் வெட்ட எப்போதும் பிளேடுதான். கண்ணாடிக்குப் பின்னால் அது பத்திரமாக இருந்தது. அப்பா அதை மறந்துவிட்டார், அதற்குப் போய் இவள் இப்படி அழுகிறாளே என்று நினைத்து, நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பிளேடை எடுக்க ஏறினேன். அம்மா எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா திரும்பி வரும்வரை விடவே இல்லை.