வெட்டிவேர் விழுந்த ரேடியேட்டர்

எங்கள் வீட்டில் ஒரு லாரி இருந்தது. அப்பாவின் பெயரில் இருந்தாலும் அதைச் சித்தப்பாவின் லாரி என்றுதான் ஊர் சொல்லும். ராஜபாளையம் மில்லில் நூல் மூட்டைகளை ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை. சனிக்கிழமைகளில் கேபினின் ஜன்னலோரம் என் இடம். ஒன்பது வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பதவி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்த லாரிக்கு ஒரு வினோதமான வியாதி. சித்தப்பா, நேர் ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று சொல்லி மம்சாபுரம் வழியாகச் சுற்றிப் போவார். அந்த ரோடு நேர் ரோட்டைவிட மோசம். மம்சாபுரத்தில் பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் போனதும் ரேடியேட்டர் கொதிக்கும். "செத்த நேரம் ஆறட்டும்" என்று சித்தப்பா இறங்கிவிடுவார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவரின் வீடு அது. அவருடைய மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். லாரிக்கு ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரும் எனக்கு இரண்டு முறுக்கும் அந்த அக்கா கொண்டுவந்து கொடுப்பார். எனக்கு அந்த வியாதி குணமாகவே வேண்டாம் என்றிருந்தது.

காலையில் கிளம்பும்போது சித்தப்பா ரேடியேட்டரைப் பாதிதான் நிரப்புவார். ஏன் என்று கேட்டால், "நெறைய ஊத்துனா வண்டி கனக்கும்ல" என்பார். நான் இந்த விஞ்ஞானத்தை வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

சித்திரை மாத வெயிலில் ஒரு சனிக்கிழமை வண்டி நிஜமாகவே கொதித்தது. சித்தப்பா சாக்கைச் சுற்றி மூடியைத் திறந்துவிட்டுத் துள்ளி விலகினார். ஆவி குபுகுபுவென்று ஏறியது. அந்த நேரம் பார்த்து அக்காவின் அப்பா வாசலுக்கு வந்து, "வாங்க தம்பி, உள்ள வந்து இருங்க" என்று கூப்பிட்டுவிட்டார். கூப்பிட்டவர் எல்லையில் பனி பெய்த கதையை ஆரம்பித்தார். சித்தப்பா நாற்காலி நுனியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். எழுந்து வர அவருக்குத் தைரியம் இல்லை.

வெளியே நானும் அக்காவும் லாரியும்தான். "பாவம், எம்புட்டு ஆவி வருது" என்றார் அக்கா. கிணற்றுத் தண்ணீர் உப்பு, அது என்ஜினுக்கு ஆகாது என்று போன வாரம் சித்தப்பா சொல்லியிருந்தார். வீடு தேடி வந்தவருக்கு உப்புத் தண்ணீரா கொடுப்பது? அக்கா உள்ளே போய், வெட்டிவேர் போட்டுக் குளிரக் குளிர வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்து, பம்பர் மேல் ஏறி நின்று அம்புட்டையும் ஊற்றிவிட்டார்.

என்ஜினுக்குள் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். சித்தப்பா ஓடி வந்தார். சூடான என்ஜினை ஆறவிட்டு, பிறகு ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா? காலிப் பானையைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் ஊத்தியிருக்கீக" என்றார்.

அதற்கப்புறம் ஊற்ற ஊற்றத் தண்ணீர் காணாமல் போனது. கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டறையில் மேஸ்திரி ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் வெளுத்துத் திரண்டிருந்தது. "காணாமப் போன தண்ணி பூராவும் ஆயில்ல கலந்து கெடக்கு. எங்க ஊருக்கு வந்து எங்களுக்கே பால்கோவா கிண்டிக் காட்டுறீகளே" என்றார் அவர்.

என்ஜினைப் பிரித்துப்போட்ட அன்று அப்பா வந்தார். நான் அடம்பிடித்துக் கூடவே வந்துவிட்டேன். கழுவித் துடைத்த பிளாக், அதாவது என்ஜினின் இரும்பு உடம்பு, பலகை மேல் கிடந்தது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அதில் ஒரு பழுதும் தெரியவில்லை. மேஸ்திரி அதன் மேல் மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்தார். பிறகு சாக்பீஸ் கேட்டார். பள்ளியில் நான் சுட்டு வைத்திருந்த சாக்பீஸ் பாவாடைப் பையில் இருந்தது. அதைப் பொடித்துத் தூவிவிட்டு, "இப்பப் பாருங்க" என்றார். வெள்ளைப் பொடியில் ஈரமாக ஒரு கோடு மெல்ல எழுந்து வந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் அது.

"எதனால இப்பிடி ஆச்சு?" என்றார் அப்பா.

"குளிர் தேசத்துல தண்ணி ஒறைஞ்சு பொளக்குமாம் அண்ணாச்சி. ராஜபாளையத்துல அதுக்கு வழியில்ல. கொதிக்கிற என்ஜின்ல பச்சத் தண்ணிய ஊத்தியிருக்காக."

"நாந்தான் ஊத்துனேன். ரோட்டோரக் கம்மாயில மொண்ட தண்ணி" என்றார் சித்தப்பா.

"ஏலே, பத்து வருசமா வண்டி ஓட்டுறவன் செய்யுற வேலையா இது? சாவிய வையி. நாளையிலருந்து மில்லு வேலைக்குப் போ" என்றார் அப்பா.

சித்தப்பா சாவியை எடுத்து நீட்டினார். என் சனிக்கிழமைகளும் அந்தச் சாவியோடு போகின்றனவே என்ற துக்கம் ஒருபக்கம். செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நிற்கிறாரே என்ற ஆத்திரம் மறுபக்கம். அப்போதுதான் ரேடியேட்டரைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரி நார் போல எதையோ இழுத்தார். மோந்து பார்த்தார். "இது வெட்டிவேருல்லா" என்றார்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். "ஏலே, எந்தக் கம்மாயில வெட்டிவேர் மொளைக்குது?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "சித்தப்பா ஊத்தவே இல்லப்பா! மம்சாபுரத்து அக்காதான் பானையோட ஊத்துனாக. எப்பவும் அவுக வீட்டு வாசல்லதான் வண்டி கொதிக்கும்!"

"எப்பவுமா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை" என்றேன், சாட்சிக்குரிய தெளிவுடன்.

மேஸ்திரி குறுக்கே வந்து, "அந்தப் பிள்ளைய மட்டும் குத்தம் சொல்லப்படாது அண்ணாச்சி. ரொம்ப நாளாவே தண்ணி பத்தாமக் காஞ்சு ஓடியிருக்கு வண்டி" என்றார். சித்தப்பா தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறும் என்று காத்திருந்தேன். அவரோ மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டு, "அவுக அப்பா மிலிட்டரிக்காரர்தானே?" என்று கேட்டு, சாவியைச் சித்தப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டார்.

மேஸ்திரி விரிசல் மேற்கொண்டு நீளாமலிருக்க இரண்டு முனையிலும் துளையிட்டு, பற்றவைத்துக் கொடுத்தார். மறு வெள்ளிக்கிழமை அப்பாவும் அம்மாவும் அத்தையும் தட்டில் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு மம்சாபுரம் புறப்பட்டார்கள். பிளாக் விஷயமாகப் பஞ்சாயத்து என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிளாக்கை உடைத்தவருக்குப் பூ எதற்கு என்பதுதான் புரியவில்லை. சாட்சி சொல்ல நானும் போனேன். அக்கா காபி கொண்டுவந்து, தலை நிமிராமல் நின்றார். அவ்வளவு குற்ற உணர்ச்சி! காட்டிக்கொடுத்த எனக்கு வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கக்கா, விரிசல ஒட்டியாச்சு" என்றேன். பட்டாளத்துக்காரர் உட்பட வீடே சிரித்தது.

ஆவணியில் அக்கா எங்கள் வீட்டுக்குச் சித்தியாக வந்தார். அதற்கப்புறம் லாரி மம்சாபுரத்தில் ஒரு நாள்கூடக் கொதிக்கவில்லை. எல்லாம் அந்த மேஸ்திரியின் கைராசி என்று வெகுநாள் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.