பேச்சியிடம் கேட்ட காலேஜ்

எங்கய்யா ஒச்சப்பன் தானாக ஒரு முடிவு எடுத்து நான் பார்த்ததில்லை. கிணறு எங்கே வெட்டுவது, ஏலக்காய்த் தோட்டத்துக்கு மருந்து என்றைக்கு அடிப்பது, என்னை எந்த ஊரில் கட்டிக்கொடுப்பது, எல்லாம் பேச்சிதான் சொல்ல வேண்டும். போடிக்குப் பக்கத்தில், முந்தலுக்கு மேலே ஓடைக்கரையில் இருக்கிறாள் எங்கள் குலசாமி பேச்சி. கூரை கிடையாது, முகம் கிடையாது, மஞ்சள் பூசிய ஒரு கல்தான். அவள் முன்னால் வாழையிலையில் மடித்த இரண்டு பொட்டலம் வைப்போம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. அய்யா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். எடுத்த பூதான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அவள் காலடியிலேயே விட்டுவிட வேண்டும். பிரித்தால் அவளை நம்பவில்லை என்று அர்த்தமாம். கத்தரிக்காய் வாங்கவும் பூக்கேட்கிற மனுசன் என்று ஊரே கேலி பேசும். நானும் பேசியிருக்கிறேன்.

பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்ணின் வேலை. அம்மா செத்த பிறகு அது எனக்கு வந்தது.

எண்பத்து நாலில் என் தம்பி சோலைமலை பிளஸ் டூ முடித்தான். எஞ்சினியர் படிப்புக்கு இரண்டு இடத்திலிருந்து கடுதாசி வந்தது. மதுரையில் சிவில். வடக்கே காவேரிக் கரையோரம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர். தம்பிக்குக் கம்ப்யூட்டர் மேல் கிறுக்கு. ஏதோ பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, அதைக் கத்தரித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தான். அய்யாவோ போடி முழுக்க விசாரித்துக்கொண்டு அலைந்தார். "டி.வி. பொட்டி மாதிரி இருக்கும், ஆனா படம் வராது" என்றார் ஏலக்காய் மண்டிக் கணக்குப்பிள்ளை. "படம் வராத பொட்டியப் படிக்க நாலு வருசமா?" என்று அய்யா திகைத்துப்போனார். மேலே எஸ்டேட்டில் மலையாளத்து சூப்பர்வைசர் ஒருத்தர் மட்டும், "நல்லதாணு, பையன விடு" என்றார். ஆளுக்கொன்று சொன்னால் அய்யா என்ன செய்வார்? பேச்சியைக் கேட்போம் என்று சொல்லிவிட்டார். வெள்ளை வந்தால் கம்ப்யூட்டர், சிவப்பு வந்தால் மதுரை.

அன்று காலையில் நான் பூப்பறிக்கும்போது தம்பி பின்னாலேயே வந்தான். "அக்கா, செவப்பு வந்துட்டா நான் செத்தேன்க்கா." கண் கலங்கியிருந்தது. அம்மா இல்லாத பிள்ளை, நான் சோறு ஊட்டி வளர்த்தவன். மனசு கேட்கவில்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்து நூலைக் கட்டினேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "பேச்சி கோவிச்சுக்கிட்டா?" என்றான். "கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும். நீ சோலியப் பாரு" என்றேன். என்ன திமிர் எனக்கு!

அய்யா எடுத்தார், பிரித்தார், வெள்ளை. கல்லின் முன் குப்புற விழுந்து கும்பிட்டார். "ஆத்தாளே சொல்லிட்டா, இனி எவன் சொல்லியும் கேக்க மாட்டேன்" என்றார். தம்பி பெட்டியோடு பஸ்சு ஏறினான்.

கடுதாசி போடுவான். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், மனுசன் வேர்த்தாலும் பரவாயில்லை, அது வேர்க்கக் கூடாதென்று குளிரவைக்கிற மிசின் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினான். அய்யா அந்தக் கடுதாசியை மடியில் வைத்துக்கொண்டு மண்டி மண்டியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். செருப்பைக் கழற்றுகிற இடம் என்றதும் அவருக்கு அது சாமி விசயமாகிவிட்டது. இதற்கிடையில் என்னைச் சிலமலையில் கட்டிக்கொடுத்தார்கள்.

தம்பி காலேஜுக்குப் போய் இரண்டு வருசம் கழித்து, ஆடிப் பதினெட்டு அன்று, கூடப்படிக்கிற பையன்களோடு காவேரியில் குளிக்கப் போனான். மலையோர ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. மறுநாள் மதியம் இரண்டு மைல் தள்ளிக் கிடைத்தான். வைகையில் முழங்கால் நனையத் தண்ணீர் இருக்காது. மதுரைக்குப் போயிருந்தால் எந்த ஆற்றில் போய்ச் செத்திருப்பான், சொல்லுங்கள். இதைத்தான் ராத்திரி பகல் என்றில்லாமல் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். மாவாட்டும்போது பின்னால் வந்து நிற்பான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டும். திரும்பினால் யாரும் இல்லை, தரை காய்ந்துதான் கிடக்கும். ஆனால் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. கோபப்படவே மாட்டான். அன்று சிரித்த மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு நிற்பான், அதுதான் தாங்காது. அந்த ரகசியம் தெரிந்தது அவனுக்கும் எனக்கும் மட்டும். அவன் போன பிறகு எனக்கு மட்டும்.

அய்யா பேச்சி பக்கம் போவதை நிறுத்திவிட்டார். "அவதான் போகச் சொன்னா. அவளே வாங்கிட்டா. எம்புள்ளையத் தின்னவ அவ" என்பார். கேட்பதற்குச் சாமி இல்லாமல் போனதும் அவருக்கு எதையும் முடிவு செய்ய வரவில்லை. பழுத்த ஏலக்காயை எடுக்கலாமா வேண்டாமா என்று தூருக்குத் தூர் நின்று பார்ப்பாராம். காய் வெடித்து மண்ணில் உதிர்ந்தது. நான் வந்து ஆள் விட்டு எடுக்கச் சொன்னால், "எடுக்கலாமாத்தா?" என்று என் முகத்தைப் பார்ப்பார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, பாவி.

எண்பத்தெட்டு மாசி மாதம், சிவராத்திரிக் கும்பிடுக்கு முதல் நாள், நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அய்யா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முந்தல் பக்கம் போகிறார் என்று சொல்லியனுப்பினார்கள். விழுந்தடித்து ஓடினேன். ஓடைக்கரையில் கல்லுக்கு முன்னால் நின்று கடப்பாரையை ஓங்கிவிட்டார்.

"அய்யா, அவ சொல்லலய்யா!" என்று கத்தினேன். "நான்தான்யா. ரெண்டுலயும் வெள்ளப் பூவத்தான் வச்சேன். அவன் அழுதான்யா. பேச்சி ஒன்னுமே சொல்லல."

ஓங்கிய கடப்பாரையைத் தரையில் போட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கல்லின் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவள நம்ம கேக்கவே இல்லையா?" என்றார். "இல்லய்யா." "போயி பூப்பறிச்சுட்டு வா. ஒன்னு வெள்ள, ஒன்னு செவப்பு. இன்னிக்குக் கேப்போம்." "போன புள்ளைக்கு எதுக்குய்யா?" என்று அழுதேன். "கேக்காமப் போனா எனக்குத் தூக்கம் வராது தாயி" என்றார்.

ஒன்றில் வெள்ளையும் ஒன்றில் சிவப்பும் வைத்துக் கட்டினேன். அவரே வாங்கிக் குலுக்கிக் கல்லின் முன் போட்டார். கண்ணை மூடினார். "ஆத்தா, எம்புள்ள எந்தக் காலேசுக்குப் போயிருக்கணும்?" என்று சத்தமாகக் கேட்டு ஒன்றை எடுத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தார். பூவை உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டுதான் திரும்பினார்.

"வெள்ளதான் தாயி" என்றார். "அன்னிக்கும் இதத்தான் சொல்லியிருப்பா. ஒம்மேல ஒரு தப்புமில்ல. ஆத்தா கணக்கு அது." மூடிய கையாலேயே என் கன்னத்தைத் துடைத்தார். கடப்பாரையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அழுகையும் சிரிப்புமாகக் கல்லைத் தொட்டுக் கும்பிட்டேன். எடுக்காத பொட்டலம் அங்கேயே கிடந்தது. பிரிக்கக் கூடாது, தெரியும். எதையுமே கும்பிட்டதோடு விடுகிற பிறவியா நான்? நூலை அவிழ்த்தேன்.

உள்ளே வெள்ளை அரளி இருந்தது.

"வர்றியா தாயி? வெரசா வா, பஸ்சு போயிரும்" என்று கீழேயிருந்து கூப்பிட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இலையை முன்போலவே மடித்து, நூலைக் கட்டிப் பேச்சியின் காலடியில் வைத்தேன். "வர்றேன்யா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.