ஏரிக்கரையில் விட்ட செருப்பு

காத்திவாக்கத்தில் மீனவர் வீட்டில் பிறந்தும் கடலுக்குப் போகாதவன் நான். போகவில்லை என்று சொல்வதுகூடக் கௌரவத்துக்காகத்தான். சின்ன வயதில் என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் செய்தார்கள். போன ஒவ்வொரு தரமும் குடல் வாய்வழியாக வந்துவிடும் போல வாந்தியெடுத்து, படகின் அடியில் சுருண்டு கிடந்துவிட்டுத் திரும்பினேன். கடைசியில் என் நைனாவே கை கழுவிவிட்டார். "டேய், உன்னத் தூக்கினு போற எடத்துல ரெண்டு பொட்டி ஐஸு ஏத்தினு போலாண்டா" என்றார். அதற்குப் பிறகு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லாரிகளை எடை போடும் வேலையில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அதையே செய்தேன். எடை மேடை ஆடாது. அது எனக்கு ஒத்துவந்தது.

என் மனைவி அப்படியில்லை. ராயபுரத்துக்காரி. அவள் அப்பாவுக்குச் சொந்தமாக விசைப்படகு இருந்தது. ஆடுகிற படகில் நின்றுகொண்டு ஒரு சொட்டு சிந்தாமல் டீ குடிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு மார்க்கெட்டில் மீன் விற்றாள். ஐஸ் தண்ணீரில் நின்று நின்றே காலம் போயிற்று. பிறகு சர்க்கரை வந்தது. சர்க்கரை வந்தால் காலில் உணர்ச்சி போகும் என்று யாரோ சொன்னபோது, "நல்லதா போச்சி, ஐஸு குத்தாது" என்று சிரித்தவள் அவள். அப்புறம் ஒரு நாள் இடது காலில் ஆணி ஏறியதே தெரியாமல் சாயங்காலம்வரை வியாபாரம் பார்த்துவிட்டு வந்தாள். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அன்றிலிருந்து டாக்டரின் சட்டம் வீட்டில் அமலுக்கு வந்தது. வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. மெத்தென்ற ரப்பரில் சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்த நீலச் செருப்பைத்தான் போட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அடுத்த தரம் புண் வந்தால் விரலோடு நிற்காது என்று அவர் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து குனிந்து பார்க்கும் நேரத்தில், நான் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிப்பட்ட எங்களைத்தான் மகள் உதய்பூருக்கு அனுப்பி வைத்தாள். விமானம், ஓட்டல், கைடோடு ஒரு நாள் ஊர் சுற்றல் என்று எல்லாம் அவள் ஏற்பாடு. எனக்கு ஒரு டி-ஷர்ட்டும் தொப்பியும் வாங்கித் தந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தபோது, ஓய்வு பெற்ற கிரிக்கெட் அம்பயர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

வேனில் எங்களோடு கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். தமிழ்க் குரல் கேட்டதும் அவர் பின்னால் திரும்பினார்.

"ஏனுங்க, மெட்ராஸுங்களா? நீங்க என்ன தொழிலுங்க?"

எடை மேடை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சாயங்காலம் பிரிந்துபோகும் மனிதரிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"கடலு சார். பரம்பரை பரம்பரையா கடலுதான்."

என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. கைடு மீசையை முறுக்கிவிட்ட இளைஞர். இந்தியும் இங்கிலீஷும் கலந்து மூச்சு விடாமல் பேசுவார். அரண்மனையை எந்த ராஜா கட்டினார், எந்த ராஜா பெரிதாக்கினார் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, பாதி புரிந்ததை முழுதும் புரிந்த மாதிரி நான் தலையாட்டினேன். மாடத்திலிருந்து ஏரி தெரிந்தது. நடுவில் வெள்ளையாக மாளிகை, சுற்றிலும் மலை, அலையே இல்லாத தண்ணீர். உண்மையில் மூச்சடைக்கிற அழகுதான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஓடையை மறித்து மனிதர்களே உண்டாக்கிய ஏரி என்று கைடு சொன்னதும் எனக்கு இன்னும் இளக்காரமாகிவிட்டது.

"எங்க ஊருல இத்த குட்டைன்னுவாங்க சார்" என்றேன் வாத்தியாரிடம்.

"அப்படிங்களா?" என்று அந்த நல்ல மனிதர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். மரியாதை கிடைக்கக் கிடைக்க எனக்கு அலை அடித்தது.

படித்துறைக்கு இறங்கினோம். படகு தயாராக நின்றது. எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் நான் அன்றைய நாளின் மகத்தான காரியத்தைச் செய்தேன். படிக்கட்டின் ஓரத்தில் நின்று என் செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஒதுக்கி வைத்தேன். எங்கள் குப்பத்தில் யாரும் செருப்புக் காலோடு படகில் ஏற மாட்டார்கள். சோறு போடும் படகு என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். செருப்பு மணலில் கிடக்கும். யாரும் தொட மாட்டார்கள்.

"நீயும் கயட்டுமே" என்றேன் மனைவியிடம், வாத்தியாருக்குக் கேட்கும்படி.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யோவ், இது இன்னா எங்க நைனா லாஞ்சா? டூரிஸ்ட்டு போட்டுயா. அல்லாரும் ஷூவோடதான் ஏறிக்கினு கீறாங்க."

"படவு எதுவா இருந்தா இன்னா? செருப்போட ஏறிப் பயக்கமில்ல நமக்கு."

"உனுக்கு ஏறியே பயக்கமில்லியே" என்றாள், நல்ல வேளையாக மெதுவான குரலில். பிறகு, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றாள்.

"உள்ள கார்ப்பெட்டு போட்டுக்கீது. போயிட்டு இங்கதான வந்து எறங்கப்போறோம். கொஞ்ச நேரந்தாம்மே."

வாத்தியாரும் அவர் மனைவியும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடலையே தெய்வமா நினைக்கறவங்க, பாரு" என்று அவர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. என் மனைவிக்கும் விழுந்தது. அவள் ஒரு நிமிஷம் அந்த மனிதரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து நீலச் செருப்பின் பட்டையைப் பிரித்துக் கழற்றி, என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். என் மானத்தைக் காப்பாற்றத்தான் கழற்றினாள் என்பது புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. புரிந்தும் பேசாமல் ஏறினேன் என்பதுதான் விஷயம்.

"நானும் கழட்டியிருப்பனுங்க. கழட்டுனா மாட்டறதுக்குள்ள முட்டி போயிருமுங்க" என்று வாத்தியார் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னார். நானும் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

படகு புறப்பட்டது. அலையே இல்லாத அந்தக் குட்டையில், கரையிலிருந்து கூப்பிடு தூரம்கூடப் போகவில்லை, எனக்கு வயிற்றைப் பிரட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ தியானம் செய்பவன் மாதிரி உட்கார்ந்தேன். என் மனைவி என் கைக்குள் எதையோ திணித்தாள். இஞ்சி மிட்டாய். சென்னையிலிருந்தே வாங்கி வந்திருக்கிறாள். வாயில் போட்டுக்கொண்டேன்.

தீவு மாளிகையில் பூந்தோட்டமும் நிழலும் இருந்தன. பளிங்குத் தரை குளுகுளுவென்று இருந்தது. வெறுங்காலோடு நடப்பதுதான் சுகம் என்று வாத்தியாருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். திரும்பிப் படகில் ஏறினோம். படகு வந்த வழியில் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் போயிற்று.

கைடைக் கேட்டேன். மறு கரையில் இறங்கி, அங்கிருந்து சந்து வழியாக மேலே நடந்தால் சாலையில் வேன் நிற்கும், சாயங்காலம் கடைசியாகத்தான் பழைய படித்துறைக்குப் போவோம் என்றார். அது காலையிலேயே சொன்னதுதானாம். நான் புரியாமல் தலையாட்டிய பாதியில் அதுவும் இருந்திருக்கிறது. புறப்பட்ட கரைக்கே படகு திரும்பும் என்று நம்பினேன். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து, திரும்பி வராத கப்பல்களைத் தினமும் பார்த்தவன்.

கரையில் இறங்கினோம். நடு மத்தியானம். கற்படிகள், அதற்கு மேலே கல் பாவிய சந்து, மேடேறிப் போயிற்று. முதல் படியில் கால் வைத்ததும் துள்ளிவிட்டேன். தோசைக்கல்லில் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால், அவள் எனக்குப் பின்னால் அதே படியில் நிதானமாக நிற்கிறாள்.

"சுடலியாமே உனுக்கு?"

"தெர்லயே" என்றாள்.

அவளைப் பிடித்து இழுத்துச் சுவர் நிழலில் நிற்க வைத்தேன். பக்கத்தில் ஒரே ஒரு செருப்புக்கடை. முனை வளைந்த தோல் செருப்புகள் மட்டும் தொங்கின. புதுத்தோல் அவள் காலைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். அதையும் டாக்டர் சொல்லியிருந்தார். தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். "நீயா? ரெண்டு பேரும் சேந்து உருளலாம்" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் வாத்தியார் படியில் உட்கார்ந்து, முட்டி வலியோடு மல்லுக்கட்டி ஷூவைக் கழற்றி, தன் காலுறைகளை உருவிக் கொடுத்தார். "காத்தால துவைச்சு போட்டதுதானுங்க" என்றார். நான் அவரிடம் காலையிலிருந்து அளந்த அளப்பையெல்லாம் நினைத்து எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சாம்பல் நிறக் காலுறை சூட்டைத் தடுக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சூடு ஏறினால் அவளுக்குத் தெரியவும் தெரியாது. தெரிகிற கால் என்னுடையது மட்டும்தான். ஆகவே நான் முன்னால் நடந்தேன். ஒவ்வொரு கல்லிலும் முதலில் நான் காலை வைத்து அழுத்தி நின்று பார்ப்பேன். பொறுக்க முடிந்தால், "இங்க வை" என்பேன். முடியாவிட்டால், "வோணாம், இப்டி வா" என்று அடுத்த கல்லுக்குத் தாவுவேன். சில இடத்தில் ஒரே கல்லின் இந்த ஓரம் சுட்டது, அந்த ஓரம் சுடவில்லை. குனிந்து கண்ணாடிச் சில்லு, ஆணி இருக்கிறதா என்றும் பார்த்தேன். டி-ஷர்ட்டும் தொப்பியும் போட்ட ஒரு கிழவன் சந்து முழுக்கப் பாண்டியாடிக்கொண்டே போனதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"பரம்பரை பரம்பரையா கடலுதான்" என்று பின்னாலிருந்து என் குரலிலேயே சொன்னாள் என் மனைவி.

வேனுக்கு வந்து சேர்ந்தோம். அதன் பிறகு கைடு காட்டிய நீரூற்றுத் தோட்டம், பழைய கோயில், கடைத்தெரு எதையும் நாங்கள் பார்க்கவில்லை. உதய்பூரின் வாகன நிறுத்துமிடங்களைப் பற்றி யாராவது கேட்டால் விவரமாகச் சொல்வேன். காலுறையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். "செருப்பு வரட்டும், தூசில எதுக்கு?" என்று விடவில்லை. உள்ளே என்ன ஆகியிருக்கிறதோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பங்குச் சப்பாத்தியையும் அவளே சாப்பிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் பழைய படித்துறைக்குப் போனோம். செருப்பு இருக்குமா என்று எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். படிக்கட்டு ஓரம் முழுக்கச் செருப்பு. ஷூ, சாண்டல், குதிகால் உயர்ந்தது, குழந்தைகளுடையது எல்லாம் வரிசையாக இருந்தன. வரிசையின் தலைமாட்டில் என் ஜோடியும் நீல ஜோடியும்.

படகுத்துறைக்காரர் எங்கள் கைடிடம் இந்தியில் பொரிந்து தள்ளினார். காலையில் யாரோ ரெண்டு ஜோடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்களாம். அதைப் பார்த்து அடுத்த கும்பல் கழற்றியதாம், அதைப் பார்த்து அதற்கடுத்த கும்பல். பாதிப் பேர் மறு கரையில் இறங்கிவிட்டுச் செருப்புக்கு ஆள் அனுப்புகிறார்களாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொரு கைடு தன் கும்பலை நிறுத்தி வைத்து இங்கிலீஷில் விளக்கினார். ஏரிக்கு மரியாதை செய்ய இங்கே காலணியைக் கழற்றுவது ராஜாக்கள் காலத்து வழக்கம் என்றார். கேட்ட வெள்ளைக்காரர்கள் பக்தியோடு குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்கள்.

வாத்தியார் கைடிடம் இங்கிலீஷில் கேட்டு மொழிபெயர்த்துச் சொன்னதும் என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எந்த ராஜாயா? தொப்பி போட்ட ராஜாவா?" என்று படியில் உட்கார்ந்தே விட்டாள்.

அவள் சிரிக்கும்போதே நான் கீழ்ப்படியில் மண்டியிட்டு, அவள் இடது காலை மடியில் எடுத்து வைத்துக் காலுறையை உருவினேன். உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். குதிகால், விரலிடுக்கு, சுண்டுவிரல் இருந்த இடம். பிறகு மற்றக் கால். சிவப்பில்லை, கொப்புளமில்லை. இத்தனை நாளில் அந்தக் கால்களை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் நடுவில் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு அயுவுற? ஒண்ணும் ஆவலியே" என்று நீலச் செருப்பை மாட்டிக்கொண்டாள். "உன் காலக் காட்டு."

பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன். காலைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். ரெண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டைவிரலால் ஒரு கொப்புளத்தின் மேல் மெதுவாக அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுமே."

"எப்டி வலிக்குது?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. மறந்துபோன ஒன்றை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எரியுது. உள்ள குத்துது."

தலையாட்டினாள். என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"நல்லா வலிக்கட்டும்" என்றாள். "என் பங்குக்கும் சேத்து."