திலகம் அக்கா எழுதிய அந்த வரி

திரிங்காப் மலைச் சாலையில் முட்டைக்கோஸ் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது போன் வந்தது. திலகம் அக்கா காலையில் போய்விட்டார், மாரடைப்பு என்றார் அவர் தம்பி. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இவர் போய்விட்டார், அந்தச் சுரேந்திரன் மட்டும் நன்றாக இருக்கிறானே என்று.

நம் புரோகிராம் குழுவில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசோடு சேர்ந்து ஓடும் புரோகிராமை எழுதத் தொடங்கியவர் அவர். ஓப்பன் சோர்ஸ்; யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் எடையில் ஏறும். அதற்காகக் கொஞ்சம் கழிப்பார்கள். அந்தக் கழிவு எப்படிப் போடப்படுகிறது என்பது திரையிலேயே தெரியும்படி வைத்திருந்தார். "கழிக்கிறது தப்பில்ல, ஒளிச்சுக் கழிக்கிறதுதான் தப்பு" என்பார்.

சுரேந்திரன் எங்களோடு உட்கார்ந்து எழுதியவன். அக்கா வீட்டில் கை நனைத்தவன். பிறகு தனியாகக் கம்பெனி தொடங்கி, கழிவு போடும் பகுதியை மட்டும் தானே எழுதி, யாரும் பார்க்க முடியாதபடி பூட்டி, தோட்டங்களுக்கு விற்றான். நம் உரிமத்தில் அதற்குத் தடை இல்லை. யாரும் எதையும் சேர்த்துக்கொள்ளட்டும் என்று பெரிய மனதோடு எழுதிவைத்திருந்தோம், மடையர்கள்.

முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. அஞ்சலை என்று கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள், ஏன் இவ்வளவு கழிந்தது என்று கேட்டிருக்கிறார். மெஷின்தான் கழித்தது, எனக்கென்ன தெரியும் என்றாராம் எடை எழுதும் கிராணி. அவருக்கு நிஜமாகவே தெரியாது. அக்கா சுரேந்திரனைக் கூப்பிட்டு, கணக்குப் போடும் முறையை மட்டுமாவது காட்டு என்றார். வியாபார ரகசியம் என்றான்.

அஞ்சலிகளில் மன்னிக்கும் மனசு என்று எழுதுவது வழக்கம். அக்காவுக்கு அது கிடையாது. அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்த்தார். பூட்டிய பகுதி எதைச் சேர்த்தாலும், எடைக்குக் கீழே தமிழிலும் மலாயிலும் வங்காள மொழியிலும் வரும்: "இந்தக் கழிவை நாங்கள் போடவில்லை. எப்படிப் போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது." வரிசையில் கூடையோடு நின்ற அத்தனை பேரும் படித்தார்கள். தோட்டத்துத் துரைமார் சுரேந்திரனைக் குடைந்தார்கள். வரியை எடுக்க வேண்டுமானால் மொத்தப் புரோகிராமையும் தனியே பிரித்துக்கொண்டு போய் அவனே பராமரிக்க வேண்டும். அதற்கு அவனுக்கு உடம்பு வணங்காது. பழுது என்று அவனுடைய ஆட்கள் நம்மிடம் வந்தால் அக்காவிடம் ஒரே பதில்தான்: "பூட்டுனவன்கிட்ட போய்க் கேளுங்க லா."

அவன் அம்மா ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனவரும் இவர்தான். இப்போதாவது அந்த வரியை எடுத்துவிடலாமே என்று கேட்டேன்.

"அவன் அம்மா என்னலா பண்ணாங்க? வரி இருக்கட்டும்" என்றார்.

சாவு வீட்டுக்கு அவன் வந்தான். கம்பெனி பெயர் போட்ட பெரிய மலர் வளையம். என்னைத் தனியே காருக்குப் பக்கத்தில் கூட்டிப்போனான்.

"அக்காவே போயிட்டாங்க. இனிமே அந்த வரி எதுக்குண்ணே? எடுத்துடுங்க. என் கழிவு மாட்யூலுக்கு அவங்க பேரையே வைக்கிறேன்."

சாவு வீடு என்பதால்தான் அறையவில்லை.

"பூட்டத் தொறந்துட்டு வை" என்றேன்.

அவன் காரில் ஏறினான். அந்த வளையத்தை நான் உள்ளே கொண்டுபோக விடவில்லை. அது வாசலில் மழையில் நனைந்து கிடந்ததைப் பார்க்க எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது என்னிடம். நீங்கள் அவருடைய சிரிப்பை, பொறுமையை நினைவில் வைத்திருப்பீர்கள். வையுங்கள். நான் அவருடைய பகையை வைத்துக்கொண்டேன். கருமாதி முடிந்த மறுநாள் புதிய பதிப்பை வெளியிட்டேன். அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது. கண்ணாடி இல்லாமல் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார் அஞ்சலை அம்மாள். எழுத்தை மட்டும் இரண்டு மடங்காக்கியிருக்கிறேன்.