ரயிலோடு சண்டை போட்ட பேப்பர்

மவுண்ட் ஆல்பர்ட் என்ற புறநகரில் ஒரு பழைய மரவீட்டின் முன்னறையில் நிற்கிறேன். வீட்டுக்காரர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், சுவர்த்தாளை உரித்திருக்கிறார். அடியில், அந்தக் கால வழக்கப்படி குளிருக்காக ஒட்டிய செய்தித்தாள்.

"வெள்ளைக்காரர் குடியேறின காலத்துப் பேப்பர். ரயில் எந்தப் பக்கத்தால போறதெண்டு ஊர் ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. தோத்த பக்கம் ரயிலைத் திட்டவெண்டே துவங்கின பேப்பர் இது. வேற பிரதி இல்லையாம், மியூசியம் கேக்குது" என்கிறார்.

"கொடுத்துட வேண்டியதுதானே?"

"உரிக்க விடுதில்லை. பாருங்கோ."

தட்டைக் கத்தியைத் தாளின் ஓரத்தில் நுழைக்கிறார். தொலைவில் தடதடவென்று ஒரு சத்தம் கிளம்பி நெருங்குகிறது. சுவர் அதிர்கிறது. கத்தியை எடுத்ததும் அடங்குகிறது.

"ஸ்டேஷன் பக்கத்துலதானே, ரயில் போகுது" என்கிறேன்.

சொன்ன பிறகுதான் நினைவு வருகிறது. தண்டவாள வேலை நடப்பதால் இன்று ரயிலே இல்லை. நான் வந்ததும் பஸ்ஸில்தான்.