ஒயினில் ஊறிய திராட்சையும் ஓரகத்தியின் ஃப்ரீசரும்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், என் கொழுந்தன், அவன் மனைவியான என் ஓரகத்தி. ஆக நாலு பேர். சுவரோரம் உறுமிக்கொண்டிருந்த ஃப்ரீசரையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டால் ஐந்து. நாங்கள் கூடியதே அதற்காகத்தான். தரையில் பச்சைத் திராட்சை ஒரு கூடை, அன்னாசிப் பழம் இரண்டு, ஒயின் பாட்டில் மூன்று.

ஒயின் என்று எழுதும்போதே யாராவது எட்டிப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பயப்பட வேண்டிய விஷயம் எது, வேண்டாத விஷயம் எது என்று பிரித்துப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்துவிடுவேன். அதில் ஒரு சௌகரியம் உண்டு, எதுவும் விட்டுப்போகாது.

ஃப்ரீசர் ஓரகத்தியுடையது. ஸ்டேஷன் ரோட்டில் மூடிப்போன ஐஸ்கிரீம் கடையிலிருந்து பழைய சாமானாக வாங்கினாள். சீட்டுப் பணத்தை முன்பணமாகக் கொடுத்தாள். மீதி ஆறாயிரம். மாசக் கடைசிக்குள் தராவிட்டால் மினி வேன் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஃப்ரீசர் போனால் அவள் மறுபடியும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேனில் ஏற வேண்டும். விடியுமுன் போய், இருட்டிய பிறகு வந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிற பிழைப்பு. மூன்று வருஷம் அப்படிப் போய்வந்தாள். இந்த முறை ஏறமாட்டேன் என்று முடிவு செய்துதான் ஃப்ரீசரை வாங்கினாள். ஆனால் வாங்கிய நாளிலிருந்து குச்சி ஐஸ் தவிர எதுவும் விற்கவில்லை.

அப்போதுதான் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு போடுகிற ஒரு வீட்டுப் பெண் வந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தோட்டத்து வீட்டுக்கு வருகிறார்களாம், பார்ட்டியாம். போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். திராட்சையை நுரைக்கிற ஒயினில் ஊற வைத்து, வடித்து, சர்க்கரையில் புரட்டி, உறைய வைக்கிறார்கள். வெள்ளை வெளேர் என்று பனி பிடித்த கோலிக்குண்டு மாதிரி இருந்தது.

"இதே மாதிரி வேணும்க்கா. பாட்டில் நான் தரேன், பழம் உங்குது. அஞ்சாயிரம்."

ஓரகத்தி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். "ஆங், செஞ்சிடலாம்" என்றாள்.

பாட்டில்கள் வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமை கிருத்திகை. மலைக்குப் போகிற கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வாசலில் அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒயினா? கிருத்திகை முடிகிற வரைக்கும் பாட்டில் வாசப்படி தாண்டக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றேன். ஓரகத்தியும் விரதம், அவளும் ஒத்துக்கொண்டாள். கொழுந்தன் மூன்று பாட்டிலையும் தன் பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். அந்தப் பைக்கில்தான் அன்றைக்கு முழுக்க வெயிலில் ஊர் சுற்றினான், பள்ளிப்பட்டு வரைக்கும்கூடப் போய்வந்தான்.

சனிக்கிழமை காலையில் முதல் பாட்டிலைத் திறக்க உட்கார்ந்தோம். நான் சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"அண்ணி, இது பாம் இல்ல. நீங்க ஏன் ஒளிஞ்சிகினு கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே கொழுந்தன் மூடியைக் கட்டியிருந்த கம்பியை முறுக்கி எடுத்தான். அவன் கேட்டு முடிக்கவில்லை. மூடி பறந்துபோய் ஓடுகிற ஃபேனில் பட்டு, அங்கிருந்து என் வீட்டுக்காரர் முதுகில் விழுந்தது. பின்னாலேயே நுரை. கொழுந்தன் கட்டைவிரலால் அடைக்கப் பார்த்தான், அது இரண்டு பக்கமும் பீய்ச்சி அடித்தது. சுவர், டிவி, துவைத்து மடித்து வைத்த துணி எல்லாம் நனைந்தது.

"குண்டான் புடி, குண்டான் புடி" என்றாள் ஓரகத்தி. நான் குண்டானோடு ஓடி வருவதற்குள் முக்கால் பாட்டில் போய்விட்டது.

"போச்சு, ஒயின் பத்தாது" என்றேன்.

"கிருத்திகைக்கு வெளிய நிக்க வச்சீங்க இல்ல, அந்தக் கோவம்" என்றான் கொழுந்தன். தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் முதுகைத் தடவிய கையை நாக்கில் வைத்துப் பார்த்து, "இன்னாமே இது, புளிச்ச சோடா மாதிரி கீது. இதுக்கா இவ்ளோ காசு?" என்றார்.

மீதி இரண்டையும் ஈரத்துணி சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, மத்தியானத்துக்கு மேல் திறந்தோம். பூனை மாதிரி மெல்ல மூச்சு விட்டுத் திறந்தது. அதுவரைக்கும் வேலை இல்லாமல் இல்லை. ஒயின் உள்ளே இறங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு திராட்சையிலும் பல் குத்தும் குச்சியால் ஓட்டை போட வேண்டும். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து குத்தினோம்.

"இன்னாடா இது, திராட்சைக்குக் காதுகுத்தா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மொட்டையும் போட்டுட்டா வேண்டுதல் முடிஞ்சிடும் பாவா" என்றாள் ஓரகத்தி. என் வீட்டுக்காரரை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் எங்களுக்குப் பேச்சு நிற்கவில்லை. யார் குத்திய திராட்சை பிளந்துபோகிறதோ அவர்களே அதைத் தின்ன வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. கொழுந்தனுக்கு மட்டும் அடிக்கடி பிளந்தது.

என் பொங்கல் பானையையும் பாயச அண்டாவையும் தர மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டதால் புது பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கி வந்திருந்தார்கள். திராட்சையையும் அன்னாசித் துண்டுகளையும் போட்டு ஒயினை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தோம். ஒயின் குறைச்சலாக இருந்ததால் மேலே இருந்த பழம் நனையவில்லை. போகும்போதும் வரும்போதும் டப்பாவைக் குலுக்கிவிட்டுப் போவது என் வேலை. கரண்ட் போகுமா, போலீஸ் வருமா, பாட்டிலைக் குப்பையில் போட்டால் பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் பயந்தேன். அன்றைக்கு நான் பயப்படாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது சர்க்கரை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழத்தை வடித்து, வெள்ளை வேட்டியை விரித்து, வடகம் காய வைக்கிற மாதிரி ஃபேனுக்கு அடியில் பரப்பினோம். ஈரம் அதிகம் இருந்தால் சர்க்கரை பாகாகிவிடும், சுத்தமாகக் காய்ந்தால் ஒட்டாது. ஓரகத்தி விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைச் சர்க்கரை பெரிய பெரிய கல்லாக இருந்தது.

"பாவா, சக்கரைய கொஞ்சம் மிக்ஸில ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க" என்றாள்.

என் வீட்டுக்காரர் கல்யாண வீடுகளில் லட்டு, பாதுஷா போடுகிறவர். மிக்ஸி ஓடியது. தட்டு தட்டாகக் கொண்டுவந்து கொட்டினார். நாங்கள் புரட்டிப் புரட்டி ஃப்ரீசர் தட்டில் அடுக்கினோம். வீடியோவில் பார்த்தது மாதிரியே வெள்ளையாக வந்தது. கடைசித் தட்டு வைக்கும்போது ஓரகத்தி மூக்கை இழுத்தாள்.

"அக்கா, இன்னா வாசன இது?"

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் அடிக்கிற வாசனைதான். அவள் விரலை நக்கினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் நக்கினேன். ஏலக்காய். நல்ல தாராளமாக.

"பாவா, ஏலக்கா போட்டீங்களா?"

"போடாம?" என்றார் அவர், மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டே. "ஏலக்கா போடாம எங்கனா சக்கர அரைப்பாங்களா? ஒரு சிட்டிக ஜாதிக்காயும் போட்டுகீறன்."

ஓரகத்தி ஃப்ரீசர் மூடியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். கழுவினால் ஒயின் போய்விடும். வேறு பழம் வாங்கலாம், ஊற்றுவதற்கு ஒயின் இல்லை. மாசம் முடியப் போகிறது. என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்து, ஜாரை அப்படியே வைத்துவிட்டு, பாதி உறைந்த திராட்சை ஒன்றை எடுத்து வாயில் போட்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாயசத்துக்குக் கொஞ்சம் போத ஏறின மாதிரி கீது" என்றார். "நல்லாத்தாண்டா கீது."

சாயங்காலம் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கட்டி ஆட்டோவில் போனோம், ஓரகத்தியும் நானும். சொல்லாமல் கொடுத்துவிடலாமா என்று நான் வழியெல்லாம் யோசித்தேன். அவள் இறங்கியதும் முதல் வேலையாக, "தப்பாயிடுச்சிம்மா, சக்கரைல ஏலக்கா விழுந்துடுச்சி. தின்னு பாத்துட்டுச் சொல்லு" என்று பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

அந்தப் பெண் ஒன்றைத் தின்றாள். முகம் சுருங்கியது. "அக்கா, இது பாயசம் மாதிரி வருது. நான் காட்டினது இது இல்லியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுவிடுவாள் போல இருந்தது. கேட் பக்கம் கார் வரும் சத்தம் கேட்டது.

அவள் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஈரக் கையோடு வந்தார். "இன்னாடி, வந்தவங்கள நிக்க வச்சிகினு மொகத்தத் தூக்கி வச்சிகினு கீற?"

"வேணாம்மா, உனக்கு வேணாம். அதுல ஒயின் கீது."

"தெரியும் குடு. உங்க நைனா குடிக்காததா நான் புதுசா பாக்கப்போறேன்?" ஒன்றை எடுத்துக் கடைவாயில் அதக்கினார். கண்ணை மூடினார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டும்போது மகள் பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

"கல்கண்டு மாதிரி கீதுடி. அந்தப் பசங்களுக்குத் தட்டுல வையி. புடிக்கலன்னா நானே துன்னுக்கறேன்."

வந்தவர்கள் எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பெண் தன் டம்ளரில் முக்கிச் சர்க்கரையைக் கழுவிவிட்டுத் தின்றாள். வடக்கத்திப் பையன் ஒருவன் மட்டும் ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை. அன்னாசித் துண்டு முதலில் காலியானது. இருட்டுவதற்குள் பெட்டியில் ஐஸ் தண்ணீர் மட்டும் இருந்தது. கரும்புக்குப் பக்கத்தில் பாட்டு போட்டார்கள், அந்த அம்மா மகளின் சிநேகிதிகளுக்குக் கும்மி அடிக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரகத்தியையும் இழுத்துவிட்டார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு ஆடியதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். பாம்பு இருக்குமோ என்று கால் பக்கமும் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் பேசிய பணத்தைக் குறைக்காமல் போனில் அனுப்பினாள். அவள் அம்மா ஓரகத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவளுக்கு அடுத்த மாசம் வளகாப்பு. அந்தச் சரக்கு இல்லாம, பன்னீர் சோடா ஊத்தி இதே மாதிரி செய்ய முடியுமா? ஏலக்கா கொறைக்காத" என்றார்.

ஆட்டோவில் வரும்போது ஓரகத்தி மடியில் காலிப் பெட்டியை வைத்துத் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். சோடாவில் ஊறினால் கேஸ் நிற்குமா என்று நான் கேட்டேன். "நாளைக்குப் பயப்படலாம்க்கா" என்றாள்.

மாசக் கடைசியில் சொன்னபடியே மினி வேன் வந்தது, கயிறு சகிதம். ஓரகத்தி கடைக்காரரை உட்கார வைத்து, பன்னீர் சோடாவில் ஊறின திராட்சை ஒரு கிண்ணம் கொடுத்தாள். பழத்துக்கும் சர்க்கரைக்கும் டப்பாவுக்கும் போக மிச்சம் இருந்த நாலாயிரத்து இருநூறை எதிரில் வைத்தாள், மீதி வளைகாப்பு முடிந்ததும் என்றாள். அவர் தின்றுகொண்டே எண்ணினார். எண்ணி முடித்து, "வேன் வாடக வேற எனக்குத் தண்டம்" என்று முனகியபடி கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு, வெறும் வண்டியோடு போனார்.

அவருக்கு இன்னும் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.